அசையாத பலகை

பேஸ் கிட்டாருக்காக வாங்கி வந்த, இன்னும் பெட்டியில் பொருத்தாத பெரிய ஸ்பீக்கரைச் செல்வின் மேசைமேல் வைத்து, ஆம்ப்ளிஃபயரோடு இணைத்து, கிட்டாரின் தடித்த கம்பியை மீட்டிப் பார்த்தான். கொசு முனகுவதுபோல் இருந்தது. "பெட்டியில் போட்டாலும் இப்படித்தான் என்றால் கடையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்" என்று முணுமுணுத்தபடி டீ குடிக்கப் போனான்.

ஸ்பீக்கர் கலங்கிவிட்டது. அதற்காகச் செல்வின் தானே அறுத்து ஒட்டிய ப்ளைவுட் பெட்டி பக்கத்தில் இருந்தது.

"தைரியமாக உள்ளே வா" என்றது பெட்டி.

"அந்த இருட்டுக்குள்ளா? இருக்கிற குரலும் போய்விடும்."

"உன் முதுகிலிருந்து கிளம்பும் சத்தம் முன்னால் ஓடிவந்து உன் குரலையே தின்கிறது, அப்பனே. அதை நான் பிடித்துக்கொள்கிறேன்."

"நீயா? வெறும் பலகை!"

"பலகைதான். ஆனால் அசைய மாட்டேன்."

செல்வின் வந்து திருகுகளை முடுக்கியபோது ஸ்பீக்கர் முரண்டு பிடிக்காமல் உட்கார்ந்தது. அவன் அதே கம்பியை மீட்டினான். அலமாரியில் டம்ளர்கள் குலுங்கின. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "அடேயப்பா, என்ன ஸ்பீக்கர்ப்பா இது!" என்றார்.

"கேட்டாயா? என்னைத்தான் சொல்கிறார்" என்றது ஸ்பீக்கர்.

பெட்டி தன் பலகைகளை இறுக்கிக்கொண்டது. செல்வினின் விரல் மறுபடியும் கம்பிக்குப் போய்க்கொண்டிருந்தது. பெட்டி அசையாமல் நிற்க வேண்டும்.