சுத்தமான ஜப்பான்

"ஜப்பான்ல வரைஞ்சாதான் அனிமே. மத்ததெல்லாம் வெறும் கார்ட்டூன்" என்றார், பெண் பார்க்க வந்த ரகுராம். கையோடு வீடியோ காசெட்டும் கொண்டுவந்து போட்டுக் காட்டினார்.

சாருலதாவுக்கு அவரைப் பிடித்துவிட்டது. அதனாலேயே வாய் திறக்கப் பயந்தாள்.

படத்தில் ஒருவன் ஏதோ கேட்க, ஜப்பான் பெண் தலையை இரு பக்கமும் மெல்ல ஆட்டிச் சம்மதம் சொன்னாள்.

"பாருங்கோ, அந்தத் தலையாட்டல்! வேற எவனுக்கும் வராது."

கதவோரம் அம்மா எட்டிப் பார்த்தாள். "எல்லாரும் காத்துண்டிருக்கா. உனக்குச் சம்மதமாடி?"

சாருலதா தலையை இரு பக்கமும் மெல்ல ஆட்டினாள்.

ரகுராம் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"டோக்கியோவிலேர்ந்து எங்க தி.நகர் ஆபீஸுக்கு வரையறதுக்கு அனுப்பின சீன் அது. கண்ணாடியைப் பாத்துண்டே நான்தான் வரைஞ்சேன்" என்றாள் சாருலதா.

"உங்களுக்கு, மாப்பிள்ளே?" என்றாள் அம்மா.

ரகுராமின் தலையும் அதேபோல் ஆடியது.