கார் தாழவில்லை

அருமைநாயகமும் அவர் மனைவி கிரேஸ்மணியும் பேச்சை நிறுத்திப் பல வருஷமாகிறது. ஆனாலும் ஞாயிறுதோறும் சர்ச்சுக்கு ஒரே காரில்தான் போவார்கள். அவள் பின்சீட்டில் உட்காருவாள். அவர் திரும்பிப் பார்க்கமாட்டார். பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியைக்கூடக் கூரை தெரியும்படி திருப்பி வைத்திருந்தார். அவள் ஏறியதும் பழைய காரின் பின்பக்கம் மெல்லத் தாழும். அது போதும், வண்டியை எடுத்துவிடுவார்.

மற்ற நாட்களில் அதே காரில் வாழைத்தார் ஏற்றி ஏற்றிப் பின் ஆக்சில் முறிந்துபோனது. மெக்கானிக் பொன்னுரங்கம், உடைக்கப் போட்டிருந்த ஒரு சரக்கு வேனின் ஆக்சிலை ஸ்பிரிங் பட்டைகளோடு கழற்றி வந்து இதில் மாட்டினார்.

"இனி யானையே ஏறினாலும் தாழாது, சார்."

கார் பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது.

அந்த ஞாயிறு அருமைநாயகம் சாவியில் கைவைத்துக் காத்திருந்தார். பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது, பிறகு சாத்தும் சத்தம். கார் அசையவில்லை. ஏறினாளா, வேண்டாமென்று வீட்டுக்குள் திரும்பிவிட்டாளா என்று தெரியவில்லை. சர்ச் மணி அடித்து ஓய்ந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏறியாச்சா?"

முன்பக்க இடது ஜன்னலுக்கு வெளியே அவள் முகம் தெரிந்தது.

"பின்னாடி உசரமா இருக்கு. கால் எட்டல. முன்கதவைத் திறங்க."

முன்சீட்டில் வாழைநார்ச் சுருள் ஒன்று கிடந்தது. அவர் அதை எடுத்துக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு பின்சீட்டில், அவள் வழக்கமாக உட்காரும் இடத்தில் அதைப் போட்டார்.