ஐந்து சதவீதக்காரி

"உன்னை யாரும்மா வேலைக்கு வரச் சொன்னது?"

மஹல்லா நகரத்துத் தையல் ஆலையின் மேலாளர் ருஷ்தி லபீப் வாசலிலேயே மறித்தார்.

இன்ஸாஃப் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தாள். "நாலு மாசமா நான் இங்கே வேலையில இருக்கிறவதானே, ருஷ்தி பே?" என்று மரியாதையாகவே கேட்டாள்.

"காகிதத்துல. நூத்துக்கு அஞ்சு பேர் உடல் குறை உள்ளவங்களா இருக்கணும்னு சட்டம். உன் பேர் இருக்கு. பேர் இருக்கிறப்ப ஆள் எதுக்கு?"

"எனக்குத் தைக்கத் தெரியும். தொழிற்பள்ளியில ரெண்டாவதா வந்தவ. மூணாவது வரிசையில ஒரு மெஷின் சும்மாத்தானே கிடக்கு?"

"கிடக்கட்டும்! அஞ்சு சதவீதக்காரி உட்கார்ந்தா சட்டைக்கு மூணு கை வரும். இங்கே இருக்கிற ஒவ்வொருத்தனும் திறமையால வந்தவன். என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன். இன்னிக்கு ஆய்வு. வரிசையில நில்லு, சிரி, அப்புறம் வீட்டுக்குப் போய்ச் சேரு."

அவளைப் போலவே காகிதத்தில் மட்டும் வேலை பார்க்கும் மற்ற ஒன்பது பேரும் மினிபஸ்ஸில் வந்து இறங்கினார்கள். கண் தெரியாத ஒருவர் கல்யாணக் கோட்டு போட்டிருந்தார்.

"வருஷத்துக்கு ஒருநாள் வேலை. நல்லா உடுத்திக்க வேண்டாமா?" என்றார் அவர். வரிசை சிரித்தது. ருஷ்தி முறைத்தார். முறைத்தது கோட்டுக்காரருக்குத் தெரியவில்லை. இன்னும் சத்தமாகச் சிரித்தார்.

வழக்கமாக வரும் ஆய்வாளர் டீ குடிப்பார், தலையை எண்ணுவார், கையெழுத்துப் போடுவார். இந்தத் தடவை வந்தது புது ஆள், ஒரு பெண். வந்ததும் பதிவேட்டைக் கேட்டாள்.

"அது எதுக்கு மேடம்? எண்ணினாப் போதும். டீ ஆறிடும்" என்றார் ருஷ்தி.

"ஆறட்டும். பத்துப் பேர் நிக்கறாங்க. இதுல பதினொரு பேர் இருக்கே?"

"ஒருத்தர்... லீவு."

"அப்படியா? யாருன்னு பார்த்துடுவோம்."

அவள் ஒவ்வொரு பெயராகப் படித்தாள். ஒவ்வொரு கையாக உயர்ந்தது. இன்ஸாஃபின் கையும் உயர்ந்தது. ருஷ்தி டீயை அவள் பக்கம் நகர்த்தினார்.

"கடைசிப் பேர். ருஷ்தி லபீப். ரெண்டு காதும் கேக்காது. பன்னிரண்டு வருஷம் முன்னாடி இந்த ஒதுக்கீட்டுல சேர்ந்திருக்கார். எங்கே அவர்?"

ஓடிக்கொண்டிருந்த மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

மேலாளர் இன்ஸாஃபைப் பார்த்தார். இந்த நாலு மாதத்தில் முதல் தடவையாகக் கெஞ்சலாகப் பார்த்தார்.

இன்ஸாஃப் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு மூன்றாவது வரிசைக்கு நடந்தாள். காலியாகக் கிடந்த மெஷின்முன் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். ஊசியில் நூலைக் கோர்த்தாள். பிறகுதான் நிமிர்ந்தாள்.

"இங்கேதான் நிக்கறார், மேடம். கொஞ்சம் சத்தமாக் கூப்பிடுங்க."