தேசப்பன் ஆட்டம்

"கறுப்புக் காய் எனக்குக் குடுங்க" என்று கேட்டான் மொட்டைத் தலையன். தலையில் பூசிய சந்தனம் இன்னும் காயவில்லை.

வேதாசலம் அவனை வியப்போடு பார்த்தார். திருத்தணி மலைப்படி ஓரத்தில் அவருடைய கற்பூரக் கடையில் சதுரங்கம் ஆட உட்காருகிறவர்கள் எல்லாரும் வெள்ளைக்குத்தான் அடித்துக்கொள்வார்கள். முதலில் நகர்த்துவது வெள்ளையல்லவா?

"பேரு இன்னாப்பா?"

"துரைக்கண்ணுங்க. பள்ளிப்பட்டு பக்கம்."

"மொட்டை எதுக்கு? கல்யாணம் ஆவணும்னு வேண்டுதலா?"

"வேண்டுதல் என்னுது இல்லீங்க. வேற ஒருத்தரு வேண்டிக்கினாரு. அவருக்காக நான் குடுத்தேன்."

காய்களை அடுக்கினார்கள். அந்தக் கடையில் நாட்டு ஆட்டம்தான். ஓர் ஆட்டத்துக்கு ஒரே ஒரு முறை ராஜா குதிரைபோலத் தாவலாம். ஆபத்து நெருங்கட்டும் என்று அந்தத் தாவலை எல்லாரும் பத்திரமாக வைத்திருப்பார்கள்.

துரைக்கண்ணு வைத்திருக்கவில்லை. குதிரைக்கு முன்னால் நின்ற சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினான். அடுத்த முறையே கறுப்பு ராஜாவை அந்தக் காலி இடத்துக்குத் தாவவிட்டான்.

நகர்த்த எடுத்த சிப்பாயை வேதாசலம் அப்படியே கீழே வைத்துவிட்டார். கறுப்பை இப்படித் தொடங்குகிற பைத்தியக்காரன் உலகத்திலேயே ஒருவன்தான். எத்தனை திட்டினாலும் கேட்காமல் இப்படியே ஆடி அவரையே ஜெயித்தவன், அவர் மகன் தேசப்பன்.

பட்டாளத்தில் சேர்ந்து சிங்கப்பூருக்குப் போனவன். சண்டை முடிந்து ஊர்ப் பையன்கள் திரும்பிவிட்டார்கள். இவனை மட்டும் காணோம் என்று சர்க்கார் கையை விரித்துவிட்டது. அந்தக் கோபத்தில் வேதாசலம் மலை ஏறி முருகன் முகத்தில் விழிப்பதையே விட்டிருந்தார்.

"இந்த ஆட்டம்... உனுக்கு யாருப்பா கத்துக் குடுத்தது?"

"தேசப்பண்ணன்தாங்க. ஜப்பான்காரன் கைதிக் கொட்டடியில ரெண்டு பேரும் ஒண்ணா இருந்தோம். தரையில கட்டம் கீறி, கல்லு வெச்சி ஆடுவோம். எங்க நைனாவே இதுக்குத் தோத்துப் போவாருன்னு பெருமையா சொல்லுவாரு."

"ரத்தினம்! ஓடியாடி! நம்ம புள்ளை கூட இருந்த பையன் வந்துகீறான்!"

ரத்தினம்மாள் ஈரக் கையோடு ஓடிவந்தாள். விஷயத்தைக் கேட்டதும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ சாப்டாம போவக்கூடாது கண்ணு. அவனுக்குப் புடிச்ச பருப்புப் பாயசம் வெக்கிறேன்" என்று உள்ளே திரும்பினாள்.

"வேணாங்கம்மா..." என்று துரைக்கண்ணு எழுந்தான். அது அவள் காதில் விழவில்லை.

"குந்துப்பா. ஆட்டத்த முடிக்காம எங்க போற? எம் புள்ளை உசுரோட வந்துடுவான். நாளைக்கு மொதல் வேலையா மலைக்குப் போயி அந்த முருகன்கிட்ட மன்னிப்பு கேக்கணும்" என்று கையைப் பிடித்து உட்கார்த்தினார் வேதாசலம். எத்தனையோ நாள் கழித்து அவர் முகத்தில் சிரிப்பு வந்திருந்தது.

ஆட்டம் தொடர்ந்தது. அதற்குமேல் துரைக்கண்ணுவுக்கு ஒன்றுமே ஓடவில்லை. மந்திரியைச் சும்மா தூக்கிக் கொடுத்தான், யானையையும் பறிகொடுத்தான்.

வேதாசலம் தொடையில் தட்டிச் சிரித்தார். "இன்னாய்யா இது! ஆரம்பத்துல புலி மாதிரி வந்தே, இப்ப பூனையாப் பூட்டியே! மீதிய எம் புள்ளை கத்துக் குடுக்கலியா?"

உள்ளிருந்து நெய்யில் முந்திரி வறுபடும் வாசனை வந்தது. துரைக்கண்ணு கறுப்பு ராஜாவையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணீர் பலகையில் சொட்டியது.

"மீதிய விடிஞ்சதும் சொல்லித் தரேன்னு ஜுரத்தோட படுத்தாருங்க... விடிஞ்சதும் நான்தான் அவர பொதைச்சேன்."