சிவப்பு கவுன்

நெகட்டிவ்வில் யார் சிரித்தாலும் பல் கறுப்பாகத்தான் தெரியும். பழைய பிலிம்களைக் கேமராவில் எடுத்து நிறம் திருத்திப் பிழைப்பவனுக்கு அது பழகிப்போன காட்சி. ஆனால் அக்கா கொடுத்திருந்த குடும்பப் படத்தை விளக்குப் பெட்டிமேல் வைத்ததும் அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எல்லோருக்கும் வெள்ளை முடி, கறுப்புப் பல். ஓரத்தில் நின்ற சிறுமி மட்டும் சிவப்பு கவுனும் கறுப்பு முடியுமாக, நேரில் பார்ப்பதுபோல இருந்தாள்.

கணினியில் நிறங்களைத் தலைகீழாக்கினான். அப்பா, அம்மா, அம்மா மடியில் அவன், மூவரும் சரியானார்கள். இப்போது சிறுமிக்கு முடி வெளுத்துவிட்டது.

போன் போட்டான்.

"அக்கா, ஓரத்துல சிவப்பு கவுன் போட்டிருக்கிறது யாரு?"

"நான்தான்டா! கூடப்பிறந்தவளையே அடையாளம் தெரியலையா? ஒழுங்கா சரிபண்ணி வை, சாயங்காலம் வந்து வாங்கிக்கறேன்."

பிலிம் கோளாறுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். சிறுமியைச் சுற்றி மட்டும் கோடு போட்டு, அவள் நிறங்களை இன்னொரு முறை திருப்பினான். படம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல வந்தது. சேமித்தான்.

சாயங்காலம் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தான்.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?"

நெற்றியில் விழுந்த வெள்ளை முடியை ஒதுக்கிக்கொண்டு அக்கா சிரித்தாள். பல் அத்தனையும் கறுப்பு.