முதல் வாக்கு

சுவிட்சர்லாந்தின் ஓல்டனில் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். ராணுவத் துவக்குகளை வீட்டில் வைப்பது பற்றிய வாக்கெடுப்பின் முடிவுகள் வந்துகொண்டிருக்கின்றன. தொலைக்காட்சி வரைபடத்தில் மாநிலங்கள் ஒவ்வொன்றாய்ச் சிவக்கின்றன, 'வேண்டாம்' என்று பொருள்படும் ஜெர்மன் 'நைன்' வெல்கிறது. குடியுரிமை கிடைத்து முதன்முறையாக வாக்குப் போட்ட யசோதரா, தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றபடியே சிரிக்கிறாள். வாசலில், சப்பாத்துத் தட்டில் சாய்ந்திருக்கிறது கட்டாய ராணுவச் சேவையிலிருக்கும் மகன் கஜீவனின் துவக்கு. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அதைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் ரயிலில் வருகிறான்; ரயிலில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் தம்பியைத் துவக்குக்காரரிடம் பறிகொடுத்த அவள்தான் அதன்மேல் துவாயொன்றைப் போட்டு மூடி வைக்கிறாள். "அப்பாடா, இனி இந்தச் சனியன் வீட்டுக்கு வராது" என்கிறாள். முகாமுக்குத் திரும்பப் பூட்ஸ் கட்டிக்கொண்டிருந்த கஜீவன் நிமிர்கிறான். "என்னம்மா கதைக்கிறியள்? துவக்கை முகாமிலை வைப்பமோ எண்டுதான் கேட்டவை. சனம் 'நைன்' எண்டிட்டுது. இனியும் வீட்டிலைதான்." அவள் கோப்பையை மேசையில் வைக்கிறாள். "வீட்டிலை துவக்கு வேண்டாமெண்டுதானேடா நான் 'நைன்' எழுதினனான்..." சிரிக்க வாய் திறந்தவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி பூட்ஸ் கயிற்றுக்குக் குனிகிறான். திரையில் அவர்களுடைய மாநிலமும் சிவக்கிறது. அந்தச் சிவப்பில் ஒரு துளி அவளுடையது.