பத்து நாள் லீவு

"பத்து நாள்தான் சார் கேக்கறேன். பதினோராவது நாள் காலையில டூட்டியில நிப்பேன்."

லிஃப்ட் மெக்கானிக் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். முழங்கை வரை கிரீஸ். பதினேழு வருஷ சர்வீஸில் அவர் லீவு கேட்டு இந்த அறைக்குள் வந்தது இது மூன்றாவது தடவை. முதல் தடவை கல்யாணத்துக்கு, இரண்டாவது மகள் பிறந்தபோது.

"முதல்ல உக்காருய்யா" என்றார் சர்வீஸ் மேனேஜர்.

"வேணாம் சார், நாற்காலி அழுக்காயிடும்."

"நாற்காலி கெடக்குது விடு. அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

அந்த ஒரு கேள்வியிலேயே மனுஷன் உடைந்துபோனார்.

"ஊர்ல தனியா இருக்காங்க சார். குளியலறையில வழுக்கி விழுந்துட்டாங்க. இடுப்பெலும்பு முறிஞ்சுபோச்சு. பக்கத்து வீட்டு அக்கா எதேச்சையா எட்டிப் பாக்கற வரைக்கும் மூணு மணி நேரம் ஈரத் தரையிலேயே கெடந்திருக்காங்க. கத்தியிருக்காங்க, யாருக்கும் கேக்கல."

"வீட்டுல வேற ஆளில்லையா?"

"நான் ஒரே பையன் சார். அப்பா எப்பவோ போய்ச் சேந்துட்டார்."

"இங்க கூட்டிட்டு வந்துடேன்."

"நாலாவது மாடி சார். எங்க கட்டடத்துல லிஃப்ட் கிடையாது."

ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிறவர் தன் வீட்டுக்கு நாலு மாடி ஏறித்தான் போகிறார். சொன்ன பிறகுதான் அது அவருக்கே உறைத்தது. இருவரும் சிரிக்கவில்லை.

"சரி, பத்து நாள் தரேன்னே வச்சுக்கோ" என்றார் மேனேஜர். "பத்து நாள்ல அம்மா எழுந்து நடந்துடுவாங்களா?"

மெக்கானிக் இல்லையென்று தலையாட்டினார்.

"அப்புறம்? மறுபடியும் தனியா விட்டுட்டு வந்துடுவியா?"

சேதி வந்ததிலிருந்து அவரைக் குடைந்துகொண்டிருந்த கேள்வியும் அதுதான். வேலையை விட்டுவிட்டுப் போய்விடலாமா என்று நூறு தடவை யோசித்தாகிவிட்டது. காலையில் மனைவி வாசல் வரை வந்து கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். "லீவு மட்டும் கேளுங்க. வேலையை விடறேன்னு வாயைத் திறந்துடாதீங்க. பொண்ணு அடுத்த வருஷம் பத்தாவது. ஞாபகம் இருக்கட்டும்."

"எங்க ஊர்ல மூணு மாடிக் கட்டடமே கிடையாது சார். அங்க போய் நான் எதை ரிப்பேர் பண்ணுவேன்?"

"மோட்டார் தெரிஞ்சவன் எங்க போனாலும் பொழைச்சுக்குவான். அதை விடு." மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். குரல் தணிந்தது. "இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. நானும் ஒரு காலத்துல இப்படித்தான் லீவுக்குக் கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். அம்மாவுக்கு முடியல. வேலை போயிடுமோன்னு பயந்து, அடுத்த வாரம் போகலாம், அதுக்கடுத்த வாரம் போகலாம்னு தள்ளிக்கிட்டே இருந்தேன். எங்க வீட்டுக்கு எதிர்லதான் பஸ் ஸ்டாப். ஒவ்வொரு பஸ் நிக்கும்போதும் 'யாரு எறங்கறான்னு பாரு, எம் பையனா பாரு'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்களாம். நான் எறங்கினப்போ கேக்கறதுக்கு அவங்க இல்ல."

அவர் கைக்குட்டையை எடுத்துக் கண்களை ஒற்றிக்கொண்டார்.

"பத்தொன்பது வருஷமாச்சு. இப்பவும் பஸ் பிரேக் போடற சத்தம் கேட்டா வாசலைத் திரும்பிப் பாக்கறேன். வேலை ஆயிரம் கிடைக்கும்யா. எனக்கு இந்த நாற்காலி கிடைச்சுது, பாரு! என்ன பிரயோஜனம்?"

மெக்கானிக் தேம்பித் தேம்பி அழுதார். கிரீஸ் கையால் முகத்தைத் துடைத்ததில் கன்னமெல்லாம் கறுப்பாயிற்று.

"எழுதிக் குடுத்துடறேன் சார்."

"அவசரப்படாதே. உன்னை மாதிரி ஒரு ஆளை விடறதுக்கு எனக்கு மனசே வரல."

"இல்ல சார், முடிவு பண்ணிட்டேன். வீட்டுல மட்டும் ஒரு வார்த்தை கேட்டுடறேன்." அவர் போனை எடுத்தார்.

"தாராளமா கேளு. நானும் அன்னிக்கு வீட்டுல கேட்டேன். போகாதீங்கன்னாங்க, நின்னுட்டேன்."

போன் மறுபடியும் பைக்குள் போயிற்று. மேனேஜர் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தினார்.

"என் சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன்னு ஒரு வரி சேத்துக்கோ. எல்லாரும் எழுதறதுதான்."

நாலே வரி. மகளின் ரிப்போர்ட் கார்டில் போடுவதுபோல் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். பிறகு பேனாவை வைத்துவிட்டு மேனேஜரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"கூடப் பொறந்த அண்ணன்கூட இப்படி எடுத்துச் சொல்லமாட்டான் சார். நல்லா இருப்பீங்க."

"போ, போய் முதல்ல பஸ்ஸைப் பிடி. என்னிக்குத் திரும்பி வந்தாலும் இந்தக் கதவு உனக்குத் திறந்திருக்கும்."

கதவு சாத்திக்கொண்டது. மேனேஜர் தன் கையில் ஒட்டிய கிரீஸை முகம் சுளித்துத் துடைத்தார். தாளை ஃபைலில் வைத்துவிட்டு, நிர்வாகப் பிரிவு குமாஸ்தாவை போனில் கூப்பிட்டார்.

"இவனோட சேத்து ஏழு பேர் ஆச்சு. எல்லாம் அவனவன் கைப்பட எழுதினது. நாமளா வெளிய அனுப்பியிருந்தா ஒவ்வொருத்தனுக்கும் ஒரு வருஷ சம்பளம் தண்டம் அழணும். பத்துப் பேரைக் குறைக்கச் சொல்லியிருக்காங்க, இன்னும் மூணுதான் பாக்கி. அந்த வயரிங்காரன் லீவு கேட்டிருந்தானே, அவனை உள்ள அனுப்பு. இரு, இரு... அவனுக்கு ஊர்ல படுத்துக் கெடக்கறது அம்மாவா, அப்பாவா?"